பட்டாம்பூச்சியா, அந்துப்பூச்சியா? வரிசையில் தொடங்கி இனம் வரை அடையாளம் காண ஒரு முழு வழிகாட்டி

புதிதாகப் பூச்சி பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். கறுப்பு இறக்கையில் சிவப்புப் புள்ளி இருக்கிறது, கையேட்டைப் புரட்டுகிறார்கள், கறுப்பில் சிவப்புப் புள்ளி உள்ள ஒரு படம் கண்ணில் படுகிறது, பெயர் எழுதியாயிற்று. பாதி நேரம் அது தப்பாகத்தான் இருக்கும். நிறம் கடைசியாகப் பார்க்க வேண்டிய சங்கதி.

உயிரினங்களை வகைப்படுத்தும் படிநிலைகளில் மேலிருந்து கீழே இறங்க வேண்டும்: வரிசை (order), குடும்பம் (family), பேரினம் (genus), இனம் (species). இந்தியாவில் பட்டாம்பூச்சி மட்டுமே 1,300 இனங்களுக்கு மேல் இருக்கின்றன, ஆனால் குடும்பங்கள் ஆறுதான். ஆறில் ஒன்று எது என்று முடிவு செய்துவிட்டால் புரட்ட வேண்டிய பக்கம் தானாகக் குறைந்துவிடும். கீழே உள்ள படிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள், நடுவில் தாவாதீர்கள்.

1. தொடங்கும் முன் என்ன வேண்டும்

பெரிய கேமரா கட்டாயமில்லை. ஓரளவு கிட்டப் போய் எடுக்கக்கூடிய போன், ஒரு சின்ன நோட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். லென்ஸ் பெரும்பாலும் ஜன்னலோரம் செத்துக் கிடக்கும் பூச்சிகளுக்குத்தான் பயன்படும். ஆனால் அங்கே கற்றுக்கொள்வதுதான் உயிருள்ள பூச்சியைப் பார்க்கும்போது கைகொடுக்கும்.

படம் எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள், எப்படி வந்தாலும் சரி. கிட்டப் போனபின் எடுக்கலாம் என்று காத்திருந்தால் அது பறந்துவிடும், கையில் ஒன்றும் இருக்காது. அப்புறம் உங்கள் நிழல் அதன் மேல் விழாத பக்கமாக மெதுவாக நெருங்கி, இறக்கையின் அடிப்புறம், மேற்புறம், தலையும் உணர்கொம்பும், கால்கள் என்று நான்கையும் முயன்று பாருங்கள். நாலும் கிடைப்பது அபூர்வம். இரண்டுதான் கிடைக்கும் என்றால் அடிப்புறமும் தலையும் கிடைத்தாலே பெரிய விஷயம்.

நோட்டில் தேதி, நேரம், இடம், உட்கார்ந்திருந்த செடி, அங்கே என்ன செய்தது என்பதை எழுதுங்கள். தேன் குடித்ததா, முட்டை இட்டதா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது, எட்டாம் படியில் அது வரும்.

வலை வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பல பட்டாம்பூச்சிகள் இருக்கின்றன, எது அட்டவணையில் உள்ளது என்பது பிடித்துப் பார்த்த பிறகுதானே உங்களுக்குத் தெரியும்!

2. முதலில் வரிசையை உறுதி செய்யுங்கள்

பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இரண்டும் லெபிடாப்டெரா என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இந்த வரிசையின் அடையாளம் செதில். இறக்கையைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி உண்மையில் ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய நுண்செதில்கள்தான். இறக்கையின் நிறமும் கோலமும் எல்லாம் அந்தச் செதில்களில் இருக்கின்றன. அடுத்த அடையாளம், சுருட்டி வைத்துக்கொள்ளும் உறிஞ்சுகுழல். சில அந்துகளுக்கு அது இருக்காது, அட்லஸ் அந்து வளர்ந்தபின் எதையுமே உண்பதில்லை.

இந்தப் படியைத் தேவையில்லை என்று தாண்டுகிறவர்கள் இரண்டு இடங்களில் மாட்டுவார்கள். ஒன்று, ஔல்ஃப்ளை என்ற பூச்சி. உடல் தட்டான் மாதிரி, உணர்கொம்பு பட்டாம்பூச்சி மாதிரி நுனியில் குமிழோடு இருக்கும். ஆனால் இறக்கையில் செதிலே கிடையாது, வேறு வரிசை. இன்னொன்று நேர் எதிர். செஃபனோடஸ் ஹைலாஸ் என்ற பகல் அந்துவுக்குக் கண்ணாடி இறக்கை, வண்டு என்றே நினைக்கத் தோன்றும். கூட்டிலிருந்து வெளிவரும்போது அதற்கும் செதில் உண்டு, பறக்கத் தொடங்கியதும் உதிர்ந்துவிடுகிறது. ஓரத்திலும் உடலிலும் பார்த்தால் செதில் மிச்சம் இருக்கும்.

புழுவைப் பார்க்கிறீர்கள் என்றால் கால்களை எண்ணுங்கள். மார்பில் மூன்று ஜோடி உண்மைக் கால், வயிற்றில் அதிகபட்சம் ஐந்து ஜோடி சதைக்கால் இருக்கும். வயிற்றில் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் அது ரம்பக்குளவியின் புழு, நம் வரிசையே இல்லை.

3. உணர்கொம்பைப் பாருங்கள், மற்ற விதிகளை மறந்துவிடுங்கள்

பள்ளிப் பாடத்தில் படித்த விதிகள் நமக்கு நினைவிருக்கும்: பட்டாம்பூச்சி பகலில் பறக்கும், அந்து இரவில் பறக்கும், இது இறக்கையை மூடி உட்காரும், அது விரித்து உட்காரும், இது பளிச்சென்று இருக்கும், அது மங்கல். மூன்றுமே நம் தெருவிலேயே பொய்த்துப் போகும்.

புல்வெளியில் பகலில் தாழப் பறக்கும், கறுப்பு இறக்கையில் கண்ணாடித் திட்டுகளும் வயிற்றில் மஞ்சள் பட்டைகளும் உள்ள அமாட்டா ஓர் அந்து. சாயங்காலம் விளக்கு வைத்ததும் வீட்டுக்குள் வந்து சுவரில் மோதும் பழுப்பு நிற ஈவ்னிங் பிரவுன் ஒரு பட்டாம்பூச்சி. எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சி வெயில் காயும்போது இறக்கையை நன்றாக விரித்துத்தான் உட்காரும்.

அதனால் உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். நுனியில் குமிழ் இருந்தால் பட்டாம்பூச்சி. நுனி தடித்து, அதற்கப்பால் கொக்கி போல் வளைந்திருந்தால் அதுவும் பட்டாம்பூச்சிதான், துள்ளிகள் குடும்பம். நூல் போல நுனி வரை மெலிந்தோ, சீப்புப் பற்கள் போலவோ, இறகு போலவோ இருந்தால் அந்து. இறகு மாதிரி அகன்றிருப்பது பெரும்பாலும் ஆணுக்கு, பெண் விடும் வாசனையைத் தூரத்திலிருந்தே பிடிக்க அந்தப் பரப்பு உதவுகிறது.

இதற்கும் விலக்கு இல்லாமல் இல்லை. சைகேனிடே குடும்பத்துப் பகல் அந்துகள் சிலவற்றுக்கு உணர்கொம்பு நுனியை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். சந்தேகம் வந்தால், செத்த பூச்சி கையில் இருந்தால், பின்னிறக்கையின் முன்னோரம் உடலோடு சேருமிடத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான அந்துகளுக்கு அங்கே ஒரு முள்மயிரோ மயிர்க்கற்றையோ இருக்கும், அது முன்னிறக்கையின் அடியில் உள்ள கொக்கியில் மாட்டி இரண்டு இறக்கையையும் சேர்த்துப் பிடிக்கும். பட்டாம்பூச்சிக்கு அது இல்லை. ரீஜென்ட் ஸ்கிப்பர் என்ற பட்டாம்பூச்சியின் ஆணுக்கு மட்டும் உண்டு, அது ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, நமக்குக் கவலையில்லை.

இவ்வளவு விலக்குகள் ஏன் என்றால், பட்டாம்பூச்சிகள் லெபிடாப்டெரா மரத்தின் ஒரே ஒரு கிளை. அந்துப்பூச்சி என்பது அந்தக் கிளையைத் தவிர்த்த மீதி அத்தனைக்கும் நாம் வைத்த பொதுப்பெயர். இந்த வரிசையில் இதுவரை பெயரிடப்பட்டவை ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அதில் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான் பட்டாம்பூச்சி. மீதி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே அடையாளம் தேடினால் எங்கே கிடைக்கும்?

4. கால்களை எண்ணுங்கள்

பட்டாம்பூச்சி என்று முடிவானதும் அடுத்து கால். பக்கவாட்டுப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி எண்ணுங்கள். நான்கு கால்தான் தெரிகிறது என்றால் பெரும்பாலும் நிம்ஃபாலிடே, தமிழில் வரியன்கள். முன்னங்கால் இரண்டும் சிறுத்து, மயிரடர்ந்து, மார்போடு ஒட்டி இருக்கும், நடக்க உதவாது. பெண் பூச்சி அந்தக் காலால் இலையைத் தட்டித் தட்டி ருசி பார்த்துத்தான் முட்டையிடும் செடி இதுவா என்று முடிவு செய்கிறது.

இதைக் கால் போன பூச்சி என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள் நிறைய. நம் பட்டாம்பூச்சிக் குடும்பங்களில் இனங்கள் மிக அதிகமாக உள்ளவற்றில் இது ஒன்று, அதனால் இந்த ஓர் எண்ணிக்கையிலேயே பட்டியலின் பெரும்பகுதி பிரிந்துவிடும்.

5. குடும்பத்தைப் பிரியுங்கள்

கால் எண்ணியாயிற்று. இப்போது ஆறு குடும்பங்களில் எது என்று பார்க்கலாம்.

பாப்பிலியோனிடே, அழகிகள். பெரியவை, ஆறு காலும் நன்றாக இருக்கும், தேன் குடிக்கும்போதுகூட முன்னிறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். வால் இருந்தால்தான் இந்தக் குடும்பம் என்று எண்ண வேண்டாம். எலுமிச்சை அழகிக்கு வால் கிடையாது, நீல அழகிக்கும் கிடையாது.

பியரிடே, வெள்ளையன்கள். வெள்ளை, மஞ்சள், நடுத்தர அளவு, ஆறு கால். கால் நகம் இரண்டாகப் பிளந்திருக்கும், லென்ஸில்தான் தெரியும். மரத்தடி நிழலில் தரையை ஒட்டித் தள்ளாடித் தள்ளாடிப் பறக்கும் சின்ன வெள்ளைப் பூச்சி, முன்னிறக்கையில் ஒரு கரும்புள்ளியோடு இருந்தால் அது சைக்கி. அதன் பறப்பைப் பார்த்து அந்து என்று ஒதுக்கிவிடுவார்கள், உணர்கொம்பில் குமிழ் இருக்கிறதே.

நிம்ஃபாலிடேயில் நிறம், உருவம், பழக்கம் எதுவும் ஒன்றுபோல் இருக்காது. எருக்கில் வரும் வெந்தய வரியன், அரளியில் வரும் காமன் குரோ, புல்லில் வளரும் ஈவ்னிங் பிரவுன், 2019இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன், எல்லாம் இதில்தான். கையிலிருப்பது பழைய புத்தகம் என்றால் டனாய்டே, சட்டைரிடே என்று தனிக்குடும்பங்களாகப் போட்டிருக்கும், குழம்பாதீர்கள், இப்போது அவை இதன் துணைக்குடும்பங்கள்.

லைசீனிடே, நீலன்கள். சிறியவை, உணர்கொம்பில் கறுப்பு வெள்ளை வளையம், கண்ணைச் சுற்றி வெள்ளை விளிம்பு. பலவற்றுக்குப் பின்னிறக்கை முனையில் மெல்லிய வாலும் கண்புள்ளியும் இருக்கும், உட்கார்ந்தபடி பின்னிறக்கையை மேலும் கீழும் தேய்க்கும்போது அந்த வால் உணர்கொம்பு அசைவதாகத் தோன்றும். பல்லியும் பறவையும் தலை என்று நினைத்து அங்கே கடிக்கும், பூச்சி இறக்கையில் ஒரு துண்டை இழந்து தப்பித்துவிடும். பின்னிறக்கை முனை பிய்ந்த நீலன்களை அடிக்கடி பார்ப்பது இதனால்தான். பெயரில் நீலம் இருக்கிறதே என்று நீலத்தை மட்டும் தேடாதீர்கள், மூடிய இறக்கையின் அடிப்புறம் பெரும்பாலும் சாம்பலாகவோ பழுப்பாகவோதான் இருக்கும்.

ரியோடினிடே நம்மூரில் மிகச் சில. காட்டு நிழலில் இலையில் பாதி விரித்த இறக்கையோடு உட்கார்ந்து, உட்கார்ந்ததும் திரும்பித் திரும்பித் தாவும் பிளம் ஜூடியைப் பார்த்தால் இது என்று புரிந்துவிடும்.

ஹெஸ்பெரிடே, துள்ளிகள். தடித்த உடல், பெரிய கண், தலையில் உணர்கொம்பு இரண்டும் நன்றாகத் தள்ளித் தள்ளி முளைத்திருக்கும், நுனியில் கொக்கி. பறப்பதும் விசுக் விசுக்கென்று இருக்கும். அந்து என்று தவறாகப் பதிவாகும் பட்டாம்பூச்சிகளில் முதலிடம் இவற்றுக்குத்தான். சில பழைய நூல்கள் இவற்றைத் தனி மேற்குடும்பமாக வைத்திருக்கும். இப்போது எல்லாப் பட்டாம்பூச்சிகளும் பாப்பிலியோனாய்டியா என்ற ஒரே மேற்குடும்பத்தில் வருகின்றன.

6. அந்து என்றால் உட்காரும் விதத்தைப் பாருங்கள்

அந்துக்குடும்பங்கள் நூற்றுக்கும் மேல், எல்லாவற்றையும் கற்க வேண்டியதில்லை. ராத்திரி வாசல் விளக்கில் வருபவற்றில் பெரும்பாலானவற்றைக் கைவிரல் எண்ணிக்கைக் குடும்பங்களுக்குள் அடக்கலாம்.

நீண்ட குறுகிய முன்னிறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்து ஜெட் விமானம் போல் உட்கார்ந்தால் ஸ்ஃபிங்கிடே. இதன் புழுவுக்குப் பின்பக்கம் பெரும்பாலும் ஒரு கொம்பு இருக்கும். நான்கு இறக்கையையும் சுவரோடு ஒட்டித் தட்டையாக விரித்திருந்தால் ஜியோமெட்ரிடே, சாணளந்து நடக்கும் புழு இதன் புழு, நடுவில் சதைக்கால் இல்லாததால்தான் அப்படி வளைந்து வளைந்து நடக்கிறது. சின்ன முக்கோணமாக உட்கார்ந்து முகத்தில் மூக்கு நீட்டினாற்போல் இருந்தால் கிராம்பிடே, நெல்லின் மஞ்சள் தண்டுத்துளைப்பான் இதில்தான். கூரை போல் இறக்கையைச் சரித்து உட்காரும் தடித்த சாம்பல் அந்து நாக்டுயிடேயாக இருக்கலாம், 2018இலிருந்து மக்காச்சோளத்தைப் படாத பாடு படுத்தும் படைப்புழுவின் அந்துவும் இந்தக் குடும்பம்தான். இங்கே 'இருக்கலாம்' என்று எழுதியதற்குக் காரணம், எரெபிடே என்ற பெரிய குடும்பத்திலும் பல அப்படியே உட்காரும்.

வீட்டுச் சுவரில் சிமெண்ட் தூள் நிறத்தில், இரண்டு முனையும் குறுகிய ஒரு தட்டைக் கூடு மெதுவாக நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது டினியிடே குடும்பத்து அந்துவின் புழு. தூசி, மணல், நூல் எல்லாவற்றையும் பட்டுநூலால் சேர்த்துக் கூடு கட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தலை நீட்டி அது நடக்கும்.

7. இனத்துக்கு இறங்கும்போது

இப்போதுதான் நிறத்துக்கும் கோலத்துக்கும் வேலை. சறுக்கல் அதிகம் நடப்பதும் இங்கேதான்.

கறிவேப்பிலை அழகியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் ஒரே மாதிரி, கறுப்பில் பின்னிறக்கை நெடுக வெள்ளைத் திட்டு வரிசை. பெண்ணுக்கு நம் பக்கம் மூன்று உருவம்: ஆணைப் போலவே ஒன்று, ரோஜா அழகியைப் போல ஒன்று, சிவப்புடல் அழகியைப் போல ஒன்று. ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் ஆடுதீண்டாப்பாளை வகைச் செடிகளைத் தின்று வளர்பவை, அந்த நஞ்சு உடம்பில் இருப்பதால் பறவைகள் தொடாது. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகிப் பெண் அவற்றின் வேடத்தில் திரிகிறது. இந்த உருவ மாற்றத்தை டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு கட்டுப்படுத்துகிறது என்று 2014இல் கண்டறிந்தார்கள்.

இறக்கையை மட்டும் பார்த்தால் இங்கே ஏமாந்துபோவீர்கள். உடலைப் பாருங்கள்: சிவப்புடல் அழகிக்குத் தலையும் வயிறும் சிவப்பு. கறிவேப்பிலை அழகியின் எந்த உருவமாக இருந்தாலும் உடல் கறுப்பு. இந்த ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தால் தோட்டத்தில் பாதிக் குழப்பம் தீரும்.

வெந்தய வரியனுக்கும் இதே கதை. டனாய்ட் எக்ஃப்ளை பெண் அச்சு அசல் அதே ஆரஞ்சு, அதே கறுப்பு முனை, அதே வெள்ளைப் பட்டை. பின்னிறக்கையின் நடுவில் சின்னக் கரும்புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன். எக்ஃப்ளைக்கு நடுவில் புள்ளி இருக்காது, முன்னோரத்தில் ஒன்று மட்டும் இருக்கும். வெந்தய வரியனிலேயே ஆணுக்குப் புள்ளி ஒன்று கூடுதல், அது வாசனைப் பை.

அடுத்து பருவம். ஈவ்னிங் பிரவுனை மழைக்காலத்தில் பார்த்தால் அடிப்புறம் கண்புள்ளிகள் வரிசையாக இருக்கும், கோடையில் பார்த்தால் புள்ளியெல்லாம் மறைந்து காய்ந்த சருகு போலாகிவிடும். இரண்டையும் இரண்டு இனம் என்று பதிவு செய்கிறவர்கள் உண்டு. படத்தோடு தேதி எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

புல்லில் பறக்கும் சின்ன நீலன்களுக்கு மேற்புறம் பார்த்துப் பயனே இல்லை. அடிப்புறம் முன்னிறக்கையில், உடலுக்கும் இறக்கை நடுவிலுள்ள கோட்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் ஒரு புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். டார்க் கிராஸ் புளூவுக்கு உண்டு, லெஸ்ஸர் கிராஸ் புளூவுக்குக் கிடையாது. அந்தப் புள்ளி தெரியாத படத்தை வைத்து யார் பெயர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

8. செடியையும் புழுவையும் சாட்சிக்கு வையுங்கள்

தேன் குடிக்கப் பட்டாம்பூச்சி எந்தப் பூவுக்கும் போகும், அதனால் பூவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முட்டை இடுவது தான் பிறந்த வகைச் செடியில்தான். எலுமிச்சை, கறிவேப்பிலை என்றால் அழகிகள். ஆவாரை, கொன்றை என்றால் வெள்ளையன்களில் எமிக்ரன்ட். ரணகள்ளி என்றால் ரெட் பியரோ. மஞ்சள், இஞ்சி என்றால் கிராஸ் டீமன் என்ற துள்ளி. ஏப்ஃப்ளை என்ற பட்டாம்பூச்சியின் புழுவோ இலையே தின்னாது, பப்பாளியில் அப்பும் மாவுப்பூச்சியைத் தின்னும்.

புழுவை வளர்த்துப் பார்ப்பது நல்ல பயிற்சி, கறிவேப்பிலைச் செடியிலிருந்து தொடங்குங்கள். முதலில் பறவை எச்சம் போல் இருக்கும், கடைசியில்தான் பச்சையாகும். லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஓர் உறுப்பை நீட்டி நாற்றம் விடும், அது அழகிகள் குடும்பத்துப் புழுவுக்கு மட்டுமே உள்ள அடையாளம். கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள், மருந்து அடித்த இலையில் புழு செத்துப்போகும். கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் குளவி வந்தால் பதற வேண்டாம், ஒட்டுண்ணிக் குளவி புழுவாக இருக்கும்போதே உள்ளே முட்டை வைத்திருக்கிறது.

கூட்டுப்புழு தொங்கும் விதமும் குடும்பத்தைச் சொல்லும். இடுப்பில் ஒரு நூல் கட்டிச் சாய்ந்து நின்றால் அழகிகளோ வெள்ளையன்களோ. வால்முனையில் மட்டும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கினால் வரியன்கள். அரளி இலைக்கடியில் வெள்ளி பூசினாற்போல் மின்னித் தொங்குவது காமன் குரோ.

9. பெயரை எழுதும் முறை

அறிவியல் பெயருக்கு இரண்டு பாகம்: பேரினம், இனம். கறிவேப்பிலை அழகி பாப்பிலியோ பாலிட்டஸ். பின்னால் லின்னேயஸ், 1758 என்று வருவது பெயரிட்டவரும் ஆண்டும். சிவப்புடல் அழகி பாக்லியாப்டா ஹெக்டர், அதற்கும் அதே லின்னேயஸ், அதே 1758, ஆனால் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். லின்னேயஸ் அதைப் பாப்பிலியோ பேரினத்தில் வைத்திருந்தார், பின்னால் பேரினம் மாறியது, அதைக் காட்டத்தான் அந்த அடைப்புக்குறி. அழகுக்குப் போட்டது என்று நினைத்து எல்லாப் பெயருக்கும் போட்டுவிடாதீர்கள்.

பெயரின் முடிவைப் பார்த்தே படிநிலை தெரியும்: '-இடே' என்றால் குடும்பம், '-இனே' என்றால் துணைக்குடும்பம். தமிழ்ப் பெயர்கள் ஊருக்கு ஊர், நூலுக்கு நூல் மாறும் என்பதால் பதிவில் அறிவியல் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

10. எங்கே நிறுத்துவது

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் படம் ஏற்றினால் இயந்திரம் உடனே ஓர் இனப்பெயரை நீட்டும். அதை அப்படியே அழுத்தாதீர்கள். உணர்கொம்பு, கால், அடிப்புறம் மூன்றில் எது உங்கள் படத்தில் தெரிகிறது என்று பார்த்து, அது எந்தப் படி வரை சொல்கிறதோ அந்தப் படியைப் போடுங்கள். நீலன்கள் குடும்பம் என்று மட்டும் போட்ட பதிவைத் தெரிந்தவர் ஒருவர் பிறகு இனம் வரை இறக்கிவிடுவார். தப்பான இனப்பெயர் போட்டதை இன்னொருவர் வந்து சரியென்று சொல்லிவிட்டால் அப்புறம் அதை அங்கிருந்து எடுப்பது பெரும் பாடு.

அந்துகளுக்கு இது இன்னும் பொருந்தும். பல சின்ன அந்துகளை இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்காமல் நிபுணர்களாலும் பிரிக்க முடியாது, அங்கே பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் அமாவாசையை ஒட்டிய ஒரு ராத்திரியில் மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, பின்னால் ஒரு விளக்கை எரியவிட்டு, வருகிறவற்றைக் குடும்பம் வரை மட்டும் பிரித்துப் பாருங்கள். பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விடிந்ததும் கரிச்சான் குருவி வந்து எல்லாவற்றையும் கொத்திக்கொண்டு போய்விடும்.